தமிழ்ப் பின்னணிக் குரலுக்கு எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது?

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த உப்புச் சத்தியாகிரக யாத்திரையைப் பற்றி, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காகப் பத்து நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்து வருகிறேன். ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் திரையிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உருவாக்கிய படங்கள் முடிந்துவிட்டன. (பதாகைகளில் செயலி எழுதிய தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்ததால், எழுத்துகளை மட்டும் நானே தனியாக ஒட்டினேன்.) எழுதிய உரையைச் செயலி படித்துக் காட்டும் குரலில்தான் மூன்று வாரமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

மாதக் கட்டணம் வாங்கும் இரண்டு செயலிகளையும் இலவசச் செயலி ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். மூன்றிலும் குரல் இனிமைதான். ஆனால் 'காந்தி' என்பதன் முதல் எழுத்து 'காற்று' என்பதில் வருவதுபோல் வல்லொலியாகவே ஒலிக்கிறது, 'வழிநெடுக' என்பதோ 'வலிநெடுக' ஆகிவிடுகிறது. தடியடி பட்டவர்களின் யாத்திரைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது என்றாலும், மாணவர்கள் முன் ஒலிக்கவிட முடியாது. ஆண்டுகளை எண்ணில் கொடுத்தால் ஆங்கிலத்தில் படித்தது. எழுத்தில் கொடுத்ததும் சரியாயிற்று. வாக்கியங்களை உடைத்தும், 'காந்தி'யை மட்டும் ஆங்கில எழுத்தில் இட்டும் பார்த்தேன். அப்போது அந்த ஒரு சொல்லை வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கிறது.

என்னிடம் இருப்பது 6 ஜிபி நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய விண்டோஸ் மடிக்கணினி. செலவிடக்கூடியது மாதம் ஆயிரம் ரூபாய். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவினரின் இண்டிக் பார்லர் டிடிஎஸ் (எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள்) தமிழிலும் பேசும் என்பதால் அதை நிறுவ எண்ணியிருக்கிறேன், இன்னும் தொடவில்லை.

நீண்ட தமிழ் உரைக்கு அதைப் பயன்படுத்தியவர்கள், இந்தக் கணினியில் அதையே நிறுவலாமா, அல்லது உச்சரிப்பு அகராதி (ஒரு சொல்லை எப்படி ஒலிக்க வேண்டும் என்று நாமே குறித்துவைக்கும் பட்டியல்) வசதியுள்ள கட்டணச் செயலி ஒன்றுக்குப் போவதே மேலா என்று சொல்ல முடியுமா?