ரிலே ஆஃப் ஆகியும் தண்ணீர் மோட்டார் நிற்கவில்லை, உதவுங்கள்

சிப்புட் தம்பி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 1 குதிரைத்திறன் மோட்டார். தொட்டி நிறைந்தால் தானாக நிற்க ஃபுளோட் சுவிட்சும் (தண்ணீரில் மிதந்து மட்டத்தை உணரும் சுவிட்ச்) 5 வோல்ட் ரிலே போர்டும் (சின்ன மின்சாரத்தால் மோட்டார் மின்சாரத்தை இணைத்து வெட்டும் சுவிட்ச்) போட்டேன். நீல ரிலேமேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று இருக்கிறது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. முந்தாநாள் ராத்திரி தொட்டி வழிந்து குசினி முழுக்கத் தண்ணீர். போர்டில் விளக்கு அணைந்திருந்தும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ரிலேயை லேசாகத் தட்டியதும் 'டிக்' என்று விட்டு மோட்டார் நின்றது. இன்னொன்று, மோட்டார் நின்ற பிறகும் அதன் முனையில் டெஸ்டர் எரிகிறது. நீல வயரைத்தான் ரிலே வழியாக விட்டிருக்கிறேன். ரிலே மாற்றினால் போதுமா?

வயர்மேன் அண்ணன்:
தம்பி, முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீலம் நியூட்ரல், மின்சாரம் திரும்பிப் போகும் வயர். அதை வெட்டினால் மோட்டார் நிற்கும், ஆனால் பழுப்பு வயர் வழியாக 230 வோல்ட் மோட்டாரின் கம்பிச் சுருளுக்குள் காத்திருக்கும். நின்றுவிட்டதே என்று ஈரத் தரையில் நின்று யாராவது முனையைத் தொட்டால் என்ன ஆகும்? ரிலே எப்போதும் லைவில், அதாவது மின்சாரம் வரும் பழுப்பு வயரில்தான் இருக்க வேண்டும்.

ரிலே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வேறு. அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. உங்கள் மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் போல இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அந்தச் சூட்டில் காண்டாக்ட், அதாவது ரிலேக்குள் தொட்டுப் பிரியும் உலோக முனை, உருகி ஒட்டிவிடும். புது ரிலேயும் இதே கதிதான். சின்ன ரிலே ஒரு காண்டாக்டரின் (மோட்டார் மாதிரி லோடைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும்; மோட்டாரை காண்டாக்டர் சுமக்கட்டும். மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் வெட்டிவிடும் ஓவர்லோடும் சேர்த்துப் போடுங்கள்.

சிப்புட் தம்பி:
நன்றி அண்ணே. மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி வீட்டில் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

வயர்மேன் அண்ணன்:
எர்த்துக்குக் கசிந்தால் வெட்டிவிடும். ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்குத் தெரியாது. ரிலே ஒட்டிக்கொண்டாலும் அதற்குத் தெரியாது. 230 வோல்ட் பக்கத்தை சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிந்த வயர்மேனிடம் விடுங்கள். 5 வோல்ட் பக்கம் உங்கள் கைவேலை.

ஈப்போ அக்கா:
போர்டை எதில் வைத்திருக்கிறாய் தம்பி? மூடிய பிளாஸ்டிக் பெட்டி வேண்டும். ஃபுளோட் வயரும் மெயின் வயரும் ஒன்றோடொன்று உரசக்கூடாது. பல இழை வயர் முனைக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அழுத்து. மோட்டார் அதிர்வில் ஸ்க்ரூ தளரும்.

சிப்புட் தம்பி:
பிஸ்கட் டின்னில்தான் இருந்தது அக்கா, எடுத்துவிட்டேன். ரிலே மூடியைக் கத்தியால் திறந்தேன், காண்டாக்டில் கடுகளவு கருப்புக் குழி. சனிக்கிழமை வயர்மேன் வருகிறார். அதுவரை வாளிதான்.