மாஸ்டடான் 'கிராக் தி ஸ்கை' எனக்கு ஏன் உள்ளயே போக மாட்டேங்குது?

இரும்புச்செவி:
எல்லாருக்கும் வணக்கம். நான் மாஸ்டடான்ங்கற அமெரிக்க மெட்டல் பேண்ட கேக்க ஆரம்பிச்சதே 'லெவயதன்' ஆல்பத்துல தான், 2004ல வந்தது, மோபி டிக் நாவலை வச்சு பண்ணது, அதுல முதல் பாட்டு 'பிளட் அண்ட் தண்டர்' ஆரம்பிச்சா இன்னிக்கும் எங்க உக்காந்திருந்தாலும் தலை தானா ஆட ஆரம்பிச்சிரும். அடுத்து 2006 'பிளட் மவுண்டன்', அதுவும் செம. இப்ப 2009ல வந்த 'கிராக் தி ஸ்கை' எடுத்து மூணு தடவை கேட்டுட்டேன், எல்லாரும் இதான் பெஸ்ட்டுங்கறாங்க, எனக்கு பிடிபடல. கத்தறதே இல்ல, எல்லாரும் பாடறாங்க, ஒரு பாட்டு பதினோரு நிமிஷம் இன்னொண்ணு பதிமூணு நிமிஷம், பாஞ்சோன்னு நாட்டுப்புறத் தந்தி வாத்தியம் எல்லாம் வருது. பெரிய கம்பெனிக்கு போனதால மாத்திட்டாங்களா? கதை ஒண்ணு இருக்குன்னு தெரியும், ஆனா வரிய வச்சு ஒண்ணும் புரியல. எப்படி கேக்கணும்னு யாராச்சும் சொல்லுங்க.

நாலாவது_தந்தி:
ப்ரோ, கம்பெனி காரணம் இல்ல. 'பிளட் மவுண்டன்' வந்ததே அதே ரிப்ரைஸ் கம்பெனில தான், அதுலயே 'காலனி ஆஃப் பர்ச்மென்' பாட்டுல பாட ஆரம்பிச்சிட்டாங்க, அதை நீங்க ரசிச்சிருப்பீங்க.

முதல்ல கதைய சொல்லிடறேன், அது தெரியாம கேட்டா நிஜமாவே தலை சுத்தும். கை கால் அசைக்க முடியாத ஒரு பையன், உடம்ப விட்டு ஆவியா வெளிய போய் சுத்தறான், ஆவியையும் உடம்பையும் ஒரு தங்கக் கொடி இணைச்சிருக்கு. சூரியனுக்கு ரொம்ப பக்கத்துல போயிடறான், கொடி எரிஞ்சு அறுந்துருது, திரும்பி வர வழி இல்லாம விண்வெளில குறுக்கு வழி மாதிரி இருக்கற ஒரு புழுத்துளைக்குள்ள விழுந்து ஆவிகள் இருக்கற உலகத்துக்கு போயிடறான். 'ஒப்லிவியன்' பாட்டு இங்க தான் ஆரம்பிக்குது. ஆவிகள் இவனை ஜார் மன்னர் காலத்து ரஷ்யாவுக்கு அனுப்புது, அங்க ஒரு ரகசியக் கூட்டம் ஆவி கூப்பிடறப்ப இவன் ஜார் அரண்மனைல செல்வாக்கா இருந்த சாமியார் ரஸ்புடின் உடம்புக்குள்ள வந்து சேர்றான். ரஸ்புடின் 1916 டிசம்பர்ல கொல்லப்பட்டது நிஜ வரலாறு, அதை ஆல்பத்துல 'தி ஸார்'னு நாலு பகுதியா பிரிச்சு வச்சிருக்காங்க. செத்ததும் ரெண்டு ஆவியும் வானத்துல ஒரு விரிசல் வழியா வெளிய வருது, பையனை அவன் உடம்புக்கு திருப்பி கூட்டிட்டுப் போற வேலை ரஸ்புடினோடது, வழியில சாத்தான் வேற குறுக்க வர்றான், அதுக்குள்ள வீட்ல அப்பா அம்மா பையன் செத்துட்டான்னு நினைச்சிட்டிருக்காங்க. இத வச்சுக்கிட்டு மறுபடி முதல்ல இருந்து கேளுங்க, மொத்தம் ஏழு பாட்டு, அம்பது நிமிஷம் தான், ஷஃபிள்ல மட்டும் போட்டுராதீங்க.

மழைக்கால_ரிஃப்:
கதை சரி தம்பி, ஆனா அந்தக் கதை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா தான் அவங்க ஏன் பாடுனாங்கன்னு புரியும். டிரம்மர் பிரான் டெய்லரோட தங்கச்சி பேரு ஸ்கை. பதினாலு வயசுல தன் உயிர தானே மாச்சுக்கிட்டா. டைட்டில்ல வானம்னு அர்த்தம் வர்ற Skyனு எழுதாம கடைசில e ஒண்ணு கூட சேர்த்து Skyeனு அவ பேரா எழுதியிருக்காங்க பாருங்க, அது அதுக்குத் தான். இந்த ஆல்பத்துல தான் டெய்லர் முன்னுக்கு வந்து பாடவே ஆரம்பிக்கறாரு, 'ஒப்லிவியன்'ல முதல்ல கேக்கற குரல் அவரோடது, அப்புறம் பேஸ் வாசிக்கற ட்ராய் சாண்டர்ஸ், கோரஸுக்கு கிட்டாரிஸ்ட் பிரென்ட் ஹைண்ட்ஸ், ஒரே பாட்டுல மூணு பேர். உங்களுக்கு கத்தறது வேணும்னா டைட்டில் பாட்டுல அப்ப நியூரோசிஸ் பேண்ட்ல இருந்த ஸ்காட் கெல்லி வர்றாரு, அந்தக் குரல் வர்ற இடத்துல எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைச்சிரும்.

எங்க அண்ணன் இறந்த வருஷம் நான் இதை விடாம கேட்டேன். துக்கத்துக்கு கத்தறது பத்தாதுன்னு எனக்கு அப்ப தான் தெரிஞ்சுது, எழவு வீட்ல முதல் நாள் அலறுவோம், அப்புறம் ஒப்பாரி ராகமா இழுத்துப் பாட்டா ஆயிடுது இல்லையா, எனக்கு இந்த ஆல்பம் அந்த ரெண்டாவது நிலை மாதிரி தான் கேக்குது. பெத்தவங்க செத்துட்டான்னு நினைக்கற புள்ள திரும்பி வர்ற கதைய தங்கச்சிய பறிகொடுத்தவர் இருக்கற பேண்ட் எழுதுனா அதுல எவ்வளவு ஆசை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

டபுள்_பேஸ்:
மேல சொன்னது எல்லாம் ஒத்துக்கறேன், ஒரு விஷயத்துல மட்டும் நான் கேள்வி கேட்டவர் பக்கம். முதல் மூணு ஆல்பமும் மேட் பேய்ல்ஸ் ப்ரொட்யூஸ் பண்ணது, இது பிரெண்டன் ஓ'பிரையன், பேர்ல் ஜாம் மாதிரி ராக் பேண்டுக்கெல்லாம் பண்ணவர். சவுண்ட் ரொம்ப வழவழன்னு ஆயிருச்சு, முதல் ஆல்பம் 'ரெமிஷன்'ல டெய்லர் ஒரு நொடி சும்மா விடாம டிரம்ஸ்ல ஃபில், அதாவது இடைவெளிய நிரப்பற அடி, போட்டுட்டே இருப்பாரு, இங்க பாட்டுக்காக ஒதுங்கி நிக்கறாரு, எனக்கு அது கொஞ்சம் ஏக்கம் தான். ஆனா 'தி லாஸ்ட் பேரன்' நடுவுல கிட்டார் தாறுமாறா ஓடற இடத்துல பழைய டெய்லர் திரும்ப வந்துருவாரு, அதை ஹெட்ஃபோன்ல கேளுங்க. பாஞ்சோ பத்தி கேட்டீங்களே, 'டிவினேஷன்' ஆரம்பத்துல வர்றது ஹைண்ட்ஸ் வாசிக்கறது, கிட்டாருக்கு முன்னாடி அவர் கத்துக்கிட்டதே அதான், அதை வெளியூர் சரக்கு மாதிரி நினைக்காதீங்க. 2007ல லாஸ் வேகாஸ்ல அவருக்கு தலையில பலத்த அடி, அதுல இருந்து தேறி வந்து பண்ண ஆல்பம் இது. 2025 மார்ச்ல பேண்ட விட்டுப் போனாரு, ஆகஸ்ட்ல அட்லாண்டாவுல பைக் விபத்துல இறந்துட்டாரு. அதுக்கப்புறம் இதை கேக்கறது எனக்கு வேற மாதிரி ஆயிருச்சு.

இதுல அடிச்சு வாசிக்கற வேகம் பத்தலன்னா 'லைவ் அட் தி அரகான்' எடுங்க, சிகாகோவுல மொத்த ஆல்பத்தையும் வரிசையா மேடையில வாசிச்சது, 2011ல வந்துச்சு.

இரும்புச்செவி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மழைக்கால_ரிஃப் அண்ணா, உங்க அண்ணன் விஷயம் படிச்சு கஷ்டமா இருந்துச்சு. நேத்து ராத்திரி லைட்ட அணைச்சுட்டு முழுசா கேட்டேன். 'தி ஸார்' இன்னும் எனக்கு கொஞ்சம் நீளம் தான், பொய் சொல்ல விரும்பல. ஆனா டைட்டில் பாட்டு முடிஞ்சதும் அடுத்த பாட்டுக்கு போகாம நிறுத்தி அதையே மறுபடி போட்டேன், அப்புறம் இன்னொரு தடவை, 'தி லாஸ்ட் பேரன்' வர்றப்ப மணி ரெண்டு.