ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு, கெர்னல் மட்டும் இல்லங்குது – வைஃபை ஃபர்ம்வேர், உதவி வேணும்

பீகு_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு கோயில் மண்டபத்துல சனி ஞாயிறு பிள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்குது, அதுக்குன்னு பழைய லேப்டாப் நாலு இருக்கு, நாலும் ஒரே மாடல், வைஃபை கார்டு இன்டெல் 7260. பேட்டரி நாலுலயும் செத்துப்போச்சு, கரண்டு போனா மெஷினும் போயிடும். இங்க கரண்டு நிலவரம் உங்களுக்கே தெரியும், வந்திருக்கிற நேரத்துல பாதி பூட் ஆகறதுக்கே போயிடக்கூடாதுன்னு டெபியன் 12 லினக்ஸ் மேல 6.1 கெர்னல (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) நானே கம்பைல் பண்ணேன், வேண்டாத டிரைவர எல்லாம் எடுத்துட்டு வேணுங்கறதுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டு கெர்னலுக்குள்ளயே சேத்துட்டேன், இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (டிஸ்க் வர்றதுக்கு முன்னாடி மெமரில ஓடற தற்காலிக ஃபைல் சிஸ்டம்) வேண்டாம்னு விட்டுட்டேன்.

பூட் நல்ல வேகம். வைஃபைதான் இல்ல. டிமெஸ்க்ல, அதாவது கெர்னலோட லாக்ல, "ஐடபிள்யூஎல்வைஃபை-7260-17 யூகோட், டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எரர் மைனஸ் 2"ன்னு வருது. லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல போய்ப் பாத்தா அந்த ஃபர்ம்வேர் ஃபைல் (டிரைவர் கார்டுக்குள்ள ஏத்தற புரோகிராம்) அங்கயே இருக்கு, பேர்ல ஒரு எழுத்து கூட மாறல. பேக்கேஜ ரெண்டு தடவ திரும்பப் போட்டாச்சு. டெபியனோட சொந்த கெர்னல்ல பூட் பண்ணா வைஃபை வருது, அதே டிஸ்க், அதே ஃபைல். வர்ற சனிக்கிழமைக்குள்ள சரியாகணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோல்மேன்_கடைக்காரர்:
தம்பி, கெர்னல் வேற எடத்துல தேடுதோ என்னமோ. பூட் லைன்ல ஃபர்ம்வேர்_கிளாஸ் டாட் பாத்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல உன் ஃபோல்டரக் குடுத்துப் பாரு. கெர்னல் மொதல்ல அங்கதான் பாக்கும், அதுக்கப்புறம் அப்டேட்ஸ் ஃபோல்டர்ல உன் கெர்னல் வெர்ஷன் பேர்ல உள்ளது, அப்புறம் அப்டேட்ஸ், அப்புறம் லிப் ஃபர்ம்வேர்ல வெர்ஷன் பேர்ல உள்ளது, கடைசியாத்தான் சாதா லிப் ஃபர்ம்வேர். ஓடிட்டிருக்கும்போது சிஸ் ஃபோல்டர் (கெர்னல் செட்டிங்க ஃபைல் மாதிரி காட்டற எடம்) வழியாவும் மாத்தலாம், ஆனா அதுல எழுதற எக்கோ கமாண்டுக்கு மைனஸ் என் போட மறந்துடாத, இல்லன்னா கடைசில புது வரி ஒண்ணு ஒட்டிக்கும், பாத் தப்பாயிடும்.

பீகு_பையன்:
நன்றிண்ணே, பூட் லைன்ல போட்டுப் பாத்தேன், அதே எரர்தான். இன்னொண்ணு கவனிச்சேன், அந்த எரருக்கு அடுத்த வரில "சிஸ்எஃப்எஸ் ஃபால்பேக்"னு என்னவோ வருது, அப்புறம் சரியா ஒரு நிமிஷம் கழிச்சு "பொருத்தமான ஃபர்ம்வேர் இல்ல"ன்னு முடிச்சுக்குது.

ரங்கூன்_அக்கா:
தம்பி, டிமெஸ்க்ல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி இருக்கற செகண்டப் பாத்து எனக்கு ரெண்டு எண் சொல்லு. ஃபர்ம்வேர் கேட்டது எத்தனாவது செகண்ட், ரூட் டிஸ்க் மவுண்ட் ஆனது, அதாவது சிஸ்டம் ஃபைலெல்லாம் கெர்னலுக்குக் கிடைச்சது, எத்தனாவது செகண்ட்?

பீகு_பையன்:
அக்கா, ஃபர்ம்வேர் 1.8. ரூட் டிஸ்க்கோட எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆனது 2.6.

ரங்கூன்_அக்கா:
அதேதான். உன் டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்கறதால டிஸ்க்கு வர்றதுக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு ஃபர்ம்வேரக் கேக்குது, அந்த நேரத்துல லிப் ஃபர்ம்வேர்னு ஒரு ஃபோல்டரே அதுக்குக் கிடையாது, மைனஸ் 2ன்னா "அப்படி ஒரு ஃபைல் இல்ல"ன்னு அர்த்தம், அது உண்மையத்தான் சொல்லுது. அண்ணன் சொன்ன பாத் வரிசை சரிதான், ஆனா டிஸ்க்கே ஏறாதப்ப எந்தப் பாத்தக் குடுத்தும் பிரயோஜனமில்ல. டெபியன் கெர்னல்ல இந்த டிரைவர் மாட்யூலா, அதாவது டிஸ்க்ல தனி ஃபைலா இருக்கு, ரூட் மவுண்ட் ஆனப்புறம் யூடெவ்ங்கற புரோகிராம் அத ஏத்துது, அதனால ஃபைல் கிடைக்குது.

என் பேச்ச அப்படியே நம்பாத, நீயே பாரு. பூட் ஆகி முடிஞ்சு அந்த ஒரு நிமிஷமும் போகட்டும், எல்எஸ்பிசிஐ கமாண்ட்ல கார்டோட பிசிஐ நம்பர எடு, சிஸ் ஃபோல்டர்ல பிசிஐ டிரைவர்ஸ்ல ஐடபிள்யூஎல்வைஃபைக்குக் கீழ பைண்ட்னு ஒரு ஃபைல் இருக்கும், ரூட்டா இருந்து அந்த நம்பர அதுல எக்கோ பண்ணு. இப்ப வைஃபை வந்துடுச்சுன்னா ஃபைல்ல குறையில்ல, கேட்ட நேரம்தான் தப்பு.

அந்த ஒரு நிமிஷம், கன்ஃபிக்ல யூசர் ஹெல்ப்பர் ஃபால்பேக்க நீ ஆன் பண்ணிருக்க. டைரக்டா கிடைக்கலன்னா வெளியிலருந்து யாராச்சும் குடுப்பாங்கன்னு 60 செகண்ட் காத்திருக்கும். முன்னாடி யூடெவ் குடுத்துட்டிருந்தது, 2014ல சிஸ்டம்டி (யூடெவ் இதோட சேந்துதான் வருது) 217ம் வெர்ஷன்ல அந்த வேலைய எடுத்துட்டாங்க. இப்ப குடுக்க ஆளில்ல, அத ஆஃப் பண்ணிடு.

பீகு_பையன்:
அக்கா! எக்கோ அடிச்சு என்டர் தட்டுனதும் கார்டு லைட்டு எரிஞ்சுது, நெட்வொர்க் லிஸ்ட் வந்துடுச்சு!! மூணு நாளா நான் ஃபைலயே மாத்தி மாத்திப் போட்டுட்டிருந்தேன். இப்ப நிரந்தரமா என்ன பண்றது? ஃபர்ம்வேரையும் கெர்னலுக்குள்ளயே வெச்சுடலாம்னு படிச்சேன்.

ரங்கூன்_அக்கா:
வெக்கலாம். எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்னு ஒரு ஆப்ஷன், டிவைஸ் டிரைவர்ஸ்ல ஜெனரிக் டிரைவர் ஆப்ஷன்ஸ், அதுல ஃபர்ம்வேர் லோடர். அங்க ஃபைல் பேர எழுதிட்டு கம்பைல் பண்ணா அது இமேஜோடயே போயிடும். ஆனா உனக்கு நான் அதச் சொல்ல மாட்டேன். வைஃபைல சிஎஃப்ஜி80211ங்கற கெர்னல் பகுதியும் ரெகுலேட்டரி டிபின்னு, நாட்டுக்கு நாடு வைஃபை விதி இருக்கற ஒரு ஃபைல அதே வழியாத்தான் கேக்கும், அதையும் அதோட கையெழுத்து ஃபைலையும் சேத்து எழுதணும், ஃபர்ம்வேர் அப்டேட் ஆனா ஒவ்வொரு தடவையும் திரும்ப கம்பைல். இன்னொண்ணு, இன்டெல் ஃபர்ம்வேர் ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் கிடையாது, கெர்னல் ஜிபிஎல், ரெண்டையும் ஒட்டுன இமேஜ ஊருக்கெல்லாம் காப்பி பண்ணிக் குடுக்கறது லைசென்ஸ மீறுறதா ஆகலாம்னு கெர்னலோட ஹெல்ப்லயே எழுதிருக்காங்க.

அதனால கன்ஃபிக்ல சிஎஃப்ஜி80211ஐ நட்சத்திரத்துலருந்து எம்முக்கு, அதாவது மாட்யூலா, மாத்து. அத நம்பி இருக்கற மேக்80211, ஐடபிள்யூஎல்வைஃபை எல்லாம் தானா எம் ஆயிடும். மேக், மாட்யூல்ஸ் இன்ஸ்டால், கெர்னல் இன்ஸ்டால், அவ்வளவுதான். டிஸ்க் டிரைவரும் எக்ஸ்ட்4ம் நட்சத்திரமாவே இருக்கட்டும், அப்ப உனக்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸும் தேவைப்படாது, பூட் வேகமும் போகாது.

தட்டோன்_வாத்தியார்:
நடுவுல வரேன், எனக்கும் மைனஸ் 2தான், ஆனா நான் மாட்யூலாத்தான் வெச்சிருக்கேன். உபுண்டு 24.04, சொந்த கெர்னல்.

ரங்கூன்_அக்கா:
ஐயா, ஃபோல்டர்ல ஃபைல் பேருக்குக் கடைசில இசட்எஸ்டின்னு இருக்கும் பாருங்க. உபுண்டு ஃபர்ம்வேர சுருக்கி வெக்குது, அதப் பிரிக்கற ஆப்ஷன் உங்க கெர்னல்ல இல்லன்னா அந்த ஃபைல் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஃபர்ம்வேர் லோடர் கம்ப்ரெஸ், அதுக்குள்ள இசட்ஸ்டாண்டர்டு, ரெண்டையும் ஆன் பண்ணுங்க, 5.19லருந்து இருக்கு. எக்ஸ்இசட் மட்டும்னா 5.3லருந்தே உண்டு. எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்ல போடறவங்க சுருக்காத ஃபைலத்தான் குடுக்கணும்.

பீகு_பையன்:
ராத்திரி கரண்டு வந்ததும் கம்பைல் பண்ணி முடிச்சுட்டேன். இப்ப ரூட் மவுண்ட் 2.5, ஃபர்ம்வேர் லோட் ஆனது 4.1, மைனஸ் 2 இல்ல. ரெகுலேட்டரி டிபிக்கு மட்டும் கையெழுத்து சரியில்லன்னு ஒரு வரி வருது, வைஃபை ஓடுது.

ரங்கூன்_அக்கா:
டெபியன் அந்த ஃபைலுக்குத் தன்னோட கையெழுத்தப் போட்டிருக்கும், அந்தச் சாவி டெபியன் கெர்னல்லதான் இருக்கு, நீ கம்பைல் பண்ணதுல இல்ல. அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கமாண்ட்ல ரெகுலேட்டரி டிபிய "அப்ஸ்ட்ரீம்"னு முடியற ஃபைலுக்கு மாத்திடு.

பீகு_பையன்:
மாத்துனேன்க்கா, அந்த வரியும் போயிடுச்சு. மீதி மூணு மெஷினுக்கும் இதே கன்ஃபிக்தான் போடப்போறேன். பிள்ளைங்ககிட்ட சனிக்கிழமை நெட்டு இருக்கும்னு சொல்லிட்டேன். மோல்மேன் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி.