ஹாட் த்ரோ, கோல்ட் த்ரோவுக்கு: உருகுமணம், உறைமணம்

எல்லாருக்கும் வணக்கம்,

வீட்டுல வாசனை மெழுகுவத்தி ஊத்துறவங்களுக்கான தமிழ்ச் சொல் பட்டியல்ல இந்த ஜோடி மட்டும் முடியாம நிக்குது. கோல்ட் த்ரோன்னா பத்த வைக்காத மெழுகுலேர்ந்து வர்ற மணம், ஹாட் த்ரோன்னா மெழுகு உருகும்போது பரவுற மணம். வந்த பரிந்துரை ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதுறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

> கோல்ட் த்ரோ = குளிர்வீச்சு, ஹாட் த்ரோ = வெப்பவீச்சு. நேரா புரியுதே.

வீச்சு நல்ல சொல்தான், மணம் வீசுதுன்னு சொல்றோமே. ஆனா பத்த வைக்காத மெழுகுல குளிர் எங்க இருக்கு, அது சும்மா அறை வெப்பத்துல கிடக்குது. வெப்பவீச்சுன்னா அனல் அடிக்குதுன்னுதான் படிக்கிறவங்க நினைப்பாங்க, வாசனைங்கிற விஷயமே அதுல காணோம்.

> எரிமணம்? இல்லன்னா சுடர்மணம்?

எரிமணம்னதும் எனக்கு கருகின வாடைதான் ஞாபகம் வருது. சுடர்மணம் கேக்க அழகா இருக்கு, மறுக்க மனசு வரல, ஆனா மணம் சுடர்லேர்ந்து வர்றதில்லையே. திரி வழியா ஏறுற மெழுகு ஆவியாகி சுடர்ல எரியுது, அதுகூட ஏறுற வாசனை எண்ணெயும் பெரும்பாலும் அங்கேயே எரிஞ்சு போயிடுது. நம்ம மூக்குக்கு வர்றது திரியைச் சுத்தி உருகி தேங்கி நிக்குதே, அந்தப் பரப்புலேர்ந்து ஆவியாகிற எண்ணெய்தான். வார்மர் விளக்கு வச்சிருக்கவங்களுக்கு இது தெரியும், மேலேர்ந்து பல்ப் சூட்டுலயே மெழுகு உருகும், நெருப்பே கிடையாது, ஆனாலும் ரூம் முழுக்க மணக்கும்.

அதனால நான் சொல்றது கோல்ட் த்ரோவுக்கு உறைமணம், ஹாட் த்ரோவுக்கு உருகுமணம். பள்ளிக்கூடப் பாடத்துலயே உறைநிலை, உருகுநிலைன்னு படிச்ச ஜோடிதான், புதுசா யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

> உறைன்னா மூடி, கவர்னு குழப்பம் வராதா?

உறைபனிய யாரும் கவர் போட்ட பனின்னு படிக்கிறதில்லையே. அப்படியே குழம்பினாலும் மூடியைத் திறந்து மோந்து பாக்குற மணம்தானே அது, பெரிய நஷ்டம் இல்ல.

இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு இதுதான் முக்கியம். புதுசா செய்யுறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, "மூடி திறந்தா கமகமன்னு இருக்கு, கொளுத்தினா ஒண்ணுமே வரல, ஏன்?" உடனே இன்னும் எண்ணெய ஊத்துறாங்க. பெரும்பாலான மெழுகு எடையில 6லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும்தான் எண்ணெய் தாங்கும், 200 கிராம் சோயா மெழுகுக்கு 8 சதவீதம்னா 16 கிராம், மெழுகு தாங்குற அளவைத் தாண்டினா மேல முத்து முத்தா கசியும், திரியும் அடைச்சுக்கும். பல நேரம் தப்பு திரியிலதான் இருக்கும், கிண்ணத்தோட அகலத்துக்கு ஒல்லியான திரி போட்டா நடுவுல மட்டும் குழி விழுந்து ஓரமெல்லாம் கெட்டியாவே நிக்கும், உருகுற பரப்பு சின்னதா இருந்தா மணமும் கம்மியாத்தான் வரும். உருகுமணம் இல்லன்னு சொல்லும்போதே எவ்ளோ உருகுதுன்னு பாக்கத் தோணும், ஹாட் த்ரோன்னு சொன்னா அது தோணாது. அதே மாதிரி முதல் தடவை கொளுத்துறப்ப கண்ணாடி ஓரம் வரைக்கும் உருக விடணும்னு சொல்றதுக்கும் (7 செ.மீ அகலம்னா சுமார் 3 மணி நேரம்) இந்த சொல் தோதா இருக்கும்.

மெல்ட் பூலுக்கு, அதாவது திரியைச் சுத்தி உருகித் தேங்குற மெழுகுக்கு, ஏற்கனவே வந்த உருகுகுளம் இதோட சேர்ந்து போகுது, அப்படியே வச்சுக்கலாம். ஊத்தின மெழுக கொளுத்தாம கொஞ்ச நாள் வச்சிருக்கிற க்யூரிங்க்கு பதப்படுத்தல் வேணாம், ஊறல் போதும், சோயா மெழுக ஊத்தி ஒண்ணு ரெண்டு வாரம் ஊற விடுன்னுதானே எல்லாரும் சொல்றோம்.

ஆட்சேபம் இருந்தா ஒரு வாக்கியத்துல வச்சுக் காட்டி எழுதுங்க, சொல்ல மட்டும் தனியா பாத்தா தெரியாது. இல்லன்னா ரெண்டையும் பட்டியல்ல ஏத்திடுறேன்.