துபாய் எலக்ட்ரீஷியன் வேலை: விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட், சரியா?

வைகைக்கரை (கேள்வி):
அண்ணன்மார்களே, மச்சானுக்காகக் கேட்கிறேன். வயது 27. எட்டாவதோடு ஐ.டி.ஐ. வயர்மேன் முடித்தவர். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு) என்று இருக்கிறது. துபாயில் ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை, 1500 திர்ஹம் சம்பளம், ரூம் கம்பெனியுடையது என்கிறார் ஏஜென்ட். "விசிட் விசாவில் போகட்டும், ஒரு வாரத்தில் வேலை விசா அடித்துவிடுவார்கள்" என்று சொல்லி 95,000 ரூபாய் கேட்கிறார். பாதியை இந்த வாரமே கட்ட வேண்டுமாம். கையில் இருப்பது லெட்டர்பேடில் ஒரு பக்க ஆஃபர் மட்டும். எந்தப் பேப்பர் எந்த வரிசையில் வர வேண்டும்?

ஷார்ஜா செந்தில்:
தம்பி, பணம் கட்டாதீர்கள். லெட்டர்பேட் ஆஃபருக்கு அங்கே மதிப்பு கிடையாது. முதலில் வர வேண்டியது அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர். அரபியும் ஆங்கிலமும் இருக்கும், மூன்றாவது மொழியாகத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அதில் மச்சான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான் கம்பெனி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும். அடுத்து என்ட்ரி பெர்மிட், அதாவது நாட்டுக்குள் நுழையும் அனுமதி வரும். அதில் வேலைக்கான அனுமதி என்று தெளிவாக இருக்க வேண்டும். டூரிஸ்ட், விசிட் என்று இருந்தால் அது வேறு விசா. உள்ளே போன பிறகு 60 நாளுக்குள் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐ.டி., ரெசிடென்ஸ் எல்லாம் கம்பெனியே முடிக்கும்.

விசிட் விசாவில் இருந்துகொண்டு வேலை செய்வது அங்கே குற்றம். 2024 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அப்படி ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹமிலிருந்து பத்து லட்சம் வரை அபராதம். சோதனை வந்தால் முதலாளி முதலில் கைகழுவுவது பேப்பர் இல்லாத ஆளைத்தான்.

இங்கேயும் ஒரு கதவு இருக்கிறது. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் (நம் அரசு தரும் அனுமதி) கட்டாயம், அமீரகம் அதில் ஒன்று. வேலை விசா, கான்ட்ராக்ட், பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் பாலிசி மூன்றையும் வைத்து வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் விண்ணப்பம் போகும். அந்தப் பாலிசியில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் கவரேஜ், இரண்டு வருஷத்துக்கு பிரீமியம் 275 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். விசிட் விசாவில் போகிறவருக்குக் கிளியரன்ஸும் இல்லை, இந்த இன்சூரன்ஸும் இல்லை. ஏர்போர்ட்டிலேயே சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினால் டிக்கெட் காசும் போச்சு.

கணக்குப்பிள்ளை:
காசு விஷயம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அமீரகச் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ வாங்கவே கூடாது. அந்த 95,000 எந்தக் கணக்கிலும் வராது.

இ-மைகிரேட் தளத்தில் ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுங்கள், உயிரோடு இருக்கிறதா, காலாவதியா என்று காட்டும். "நான் சென்னை ஆபீஸுக்கு சப் ஏஜென்ட்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், சப் ஏஜென்டுக்கு அனுமதி இல்லை. கட்டுவதானால் லைசென்ஸில் உள்ள பெயரின் வங்கிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள்.

1500 திர்ஹம் என்றால் அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) எவ்வளவு? நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். ஓவர்டைம், கடைசியில் வரும் கிராஜுவிட்டி இரண்டும் பேசிக்கை வைத்துத்தான். கிராஜுவிட்டி முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். பேசிக் 800, மிச்சம் அலவன்ஸ் என்று பிரித்திருந்தால் வருஷத்துக்கு 560 திர்ஹம் கிடைக்கும். அதே 1500-ல் பேசிக் 1200 என்றால் 840. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் பாருங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிண்ணா. இரண்டு சந்தேகம். பாஸ்போர்ட் எடுத்த பிறகு மச்சான் பிரைவேட்டாகப் பத்தாவது பாஸ் செய்துவிட்டார். இன்னொன்று, பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது, பெயர் மட்டும்தான்.

திருச்சி தமிழரசி:
இரண்டையும் ஒரே ரீ-இஷ்யூ விண்ணப்பத்தில் முடியுங்கள். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2000. பத்தாவது மார்க் ஷீட் கொடுத்தால் இ.சி.ஆர். நீங்கிவிடும், பிறகு கிளியரன்ஸ் தேவையில்லை. ஆனாலும் இ-மைகிரேட்டில் விருப்பப் பதிவு செய்துவிட்டுப் போகலாம், நல்லது.

ஒற்றைப் பெயர்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி. இனிஷியலோடு வாழ்கிறோம், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பயணிகளை ஏற்க மறுத்தது. இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினாலும், கவுன்டரில் நின்று வாதாட வேண்டாமே. அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டுவிடுங்கள். ஆஃபர் போடுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். பெர்மிட் பழைய பாஸ்போர்ட் எண்ணில் வந்துவிட்டால் கம்பெனி மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டியிருக்கும்.

ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் (உண்மையானது என்ற அரசு முத்திரை) கேட்டால் வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம் என்று போகும். அப்போஸ்டில் என்ற சர்வதேச ஒப்பந்த முத்திரை அங்கே செல்லாது, அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஒரிஜினலை லேமினேட் செய்துவிடாதீர்கள், பின்பக்கம் முத்திரை குத்த இடம் வேண்டும்.

ஷார்ஜா செந்தில்:
போகுமுன் இங்கேயே ஒரு செஸ்ட் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் தம்பி. அங்கே மெடிக்கலில் ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள், பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலே சிக்கல். வேறு வேலை பார்ப்பதானால் கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஏஜென்ட் மிரட்டினால் 1800 11 3090, வெளியுறவு அமைச்சகத்தின் இலவச உதவி எண்.