பின்கட்டில் ஹெம்ப் சிபிடி எடுக்கும் அறை போடலாமா? (கானாடுகாத்தான்)

பின்கட்டுக்காரன்:
பழைய வீட்டுப் பின்கட்டு சும்மா கிடக்கிறது. 6 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3 மீட்டர், தேக்கு உத்தரம், ஆத்தங்குடி கல் தரை. உத்தராகண்டில் உரிமத்தோடு விளையும் ஹெம்ப்பை (போதை குறைந்த கஞ்சாச் செடி வகை) வாங்கி, அதிலுள்ள போதை தராத சிபிடி என்ற சேர்மத்தை எத்தனாலில் கரைத்து எடுக்கத் திட்டம். 50 லிட்டர் ஜாக்கெட் (இரட்டைச் சுவர்) பாத்திரம், எத்தனாலை ஆவியாக்கிப் பிரிக்க 20 லிட்டர் ரோட்டரி எவாபரேட்டர், 200 லிட்டர் எத்தனால் டிரம் ஒன்று. அறையை எப்படி மாற்றுவது? அனுமதியை எங்கே தொடங்குவது?

சட்டம்_முதலில்:
அண்ணே, கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 14ஆம் பிரிவு நார், விதை, தோட்டக்கலை இவற்றுக்காகப் பயிரிட மட்டுமே வழி விடுகிறது. பூ நுனி அந்தச் சட்டப்படி கஞ்சா. அதிலிருந்து பிரித்த செறிவான எண்ணெய் 'சரஸ்' (கஞ்சாப் பிசின்) என்ற சொல்லுக்குள் வந்துவிடும். 0.3 சதவீத டிஎச்சி (போதை தரும் சேர்மம்) என்ற வரம்பு பயிர் உரிமத்தின் நிபந்தனை. சட்டத்தின் வரையறையில் அப்படி ஒரு விலக்கு இல்லை.

கணக்கும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. 100 கிலோ சரக்கில் 0.25 சதவீதம் என்றால் 250 கிராம் டிஎச்சி. அவ்வளவும் நீங்கள் பிரித்தெடுக்கும் 10 கிலோ சுத்திகரிக்காத எண்ணெயில் வந்து சேர்ந்தால் 2.5 சதவீதம். வயலில் வரம்புக்குள் இருந்த சரக்கு உங்கள் பாத்திரத்தில் பத்து மடங்காகிவிடும்.

இலை மட்டும்தான் என்றால் 1985 சட்டத்தின் கஞ்சா வரையறையில் அது வராது. ஆயுர்வேதத்தில் விஜயா என்ற பெயரில் ஆயுஷ் மருந்து உரிமத்தோடு செய்கிறார்கள். ஆனால் இங்கே தமிழ்நாட்டின் 1937 மதுவிலக்குச் சட்டம் தனியாக நிற்கிறது, அதையும் பார்க்க வேண்டும். எத்தனாலுக்கும் அதே மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையிடம்தான் போக வேண்டும். எழுத்தில் பதில் கைக்கு வராமல் ஒரு கிலோ சரக்கும் கொண்டுவராதீர்கள். நம் வயலில் உழுது மடக்கும் சணப்பு வேறு செடி. ஹெம்ப்பை மனுவில் 'சணல்' என்று எழுதிக் குழப்பவும் வேண்டாம்.

விதை எண்ணெய் வேறு கதை. 2021ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை உணவாக ஏற்றுக்கொண்டது, செக்கே போதும். சிபிடி அதில் இருப்பதாகச் சொல்லி விற்கத்தான் முடியாது.

ஜாக்கெட்_பாத்திரம்:
உரிமம் கிடைத்தாலும், வேறு மூலிகைக்கு எத்தனால் அறை போட்டாலும், அந்தப் பின்கட்டு வேண்டாம் தம்பி.

எத்தனால் 13 டிகிரியிலேயே பற்றும் ஆவி விடும். சித்திரையில் நம் பக்கம் 38, 39. காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். 1 லிட்டர் முழுக்க ஆவியானால் சுமார் 0.43 கன மீட்டர். உங்கள் அறை 90 கன மீட்டர், அதாவது 7 லிட்டர் சிந்தினால் அறை முழுக்க அந்த அளவு. ஆவி காற்றைவிட 1.6 மடங்கு கனம் என்பதால் தரையோரத்தில் அதற்கு வெகு முன்பே எட்டிவிடும்.

ஆத்தங்குடி கல்லின் பளபளப்பு கண்ணாடியில் வார்ப்பதால் வருவது. உள்ளே சிமெண்டும் மணலும்தான். சிந்தியது கல்லிலும் இடுக்கிலும் இறங்கி மெதுவாக ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். மேலே காய்ந்த தேக்கு. இரண்டும் சேரவே கூடாது.

தனிக் கொட்டகை போடுங்கள். செங்கல் சுவர், இலேசான தகரக் கூரை, வீட்டிலிருந்து விலகி. தரை நிலைமின்சாரம் கடத்தும் எபாக்சி. டிரம்மைச் சுற்றி 220 லிட்டர் கொள்ளும் தடுப்புத் தொட்டி. தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வாய் வைத்த உறிஞ்சு விசிறி, சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 0.3 கன மீட்டர் வீதம் 30 சதுர மீட்டருக்கு மணிக்கு 540 கன மீட்டர். விசிறி நின்றால் ஹீட்டரும் பம்பும் தானே நிற்க வேண்டும். உள்ளே விளக்கு, மோட்டார், சுவிட்ச் எல்லாம் ஐஐபி (வாயுக் குழு), டி2 (மேற்பரப்பு வெப்ப வகுப்பு) என்று குறித்த, தீப்பிழம்பை வெளியே விடாத வகை. ஆவி உணரியின் முதல் மணி அந்த 3.3 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கிலேயே அடிக்கட்டும்.

ஊற்றும்போது டிரம், பாத்திரம் இரண்டையும் எர்த் கிளாம்ப் போட்டு இணையுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம். தீக்கு ஆல்கஹால் தாங்கும் நுரை. சாதா நுரை எத்தனாலில் கரைந்து உட்கார்ந்துவிடும். பகல் வெளிச்சத்தில் எத்தனால் தீ கண்ணுக்குச் சட்டெனத் தெரியாது என்பதையும் வேலையாட்களிடம் சொல்லி வையுங்கள்.

அடிக்கடி தவறுவது குளிர்ப்பான். எவாபரேட்டரின் சுடுநீர்த் தொட்டி 60, ஆவி 40, குளிர்நீர் 20 என்று 20 டிகிரி இடைவெளி வேண்டும். கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் 34 டிகிரி இருக்கும். அதை விட்டால் ஆவி பாதி திரவமாகாமல் வாக்குவம் பம்பு வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) கட்டாயம், பம்பின் வெளிக்குழாய் கூரைக்கு மேலே. கரண்ட் போனால் ஜெனரேட்டரில் முதலில் ஏற வேண்டியவை உறிஞ்சு விசிறியும் சில்லரும்.

பின்கட்டுக்காரன்:
நன்றி அண்ணே. எத்தனாலே வேண்டாம், அதற்குப் பதில் சூப்பர்கிரிட்டிகல் கார்பன் டை ஆக்சைடு (அழுத்திச் சூடாக்கிக் கரைப்பானாக்கிய வாயு) போட்டால் பின்கட்டு போதுமா?

ஜாக்கெட்_பாத்திரம்:
போதாது தம்பி. தீ அபாயம் குறையும், ஆனால் 300 பார் (வெளிக்காற்றைப் போல சுமார் 300 மடங்கு) அழுத்தம் வரும், மூச்சுத் திணறலும் வரும். உங்கள் அறையில் 5 கிலோ கசிந்தாலே காற்றில் 3 சதவீதம், மூச்சு வாங்கும், தலைவலி வரும். முழு 30 கிலோ சிலிண்டரும் திறந்துகொண்டால் ஆள் கதவை எட்டமாட்டார். உணரி 5000 பிபிஎம்மில் (0.5 சதவீதம்) மணி அடிக்க வேண்டும், தரையோரத்தில் ஒன்று, கதவுக்கு வெளியே அளவு காட்டும் திரை ஒன்று.

இன்னொன்று, இந்த வாயுவின் கிரிட்டிகல் வெப்பம் (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது) 31.1 டிகிரி. நம் ஊர் கொட்டகையில் சிலிண்டர் அதைத் தாண்டிவிடும், உள்ளே திரவமே இருக்காது, பம்பு இழுக்காது. பம்புக்கு முன்னால் 5 டிகிரிக்குக் குளிர்விக்கும் கருவி தேவை. அதோடு, எடுத்த எண்ணெயில் மெழுகு இருக்கும். அதை நீக்க எத்தனாலில் கரைத்து மைனஸ் 20க்குக் கீழே ஒரு நாள் வைத்து வடிகட்டுவார்கள். ஆக எத்தனால் அறை எப்படியும் வேண்டும்.

சட்டம்_முதலில்:
சக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழிந்த பிறகும் எத்தனால் நிற்கும், சாக்கில் கட்டி வைத்தால் தீப்பிடிக்கும். உலர்த்தி, எடை போட்டு, வந்த எடை, எண்ணெய், சக்கை மூன்றும் ஒரே பேரேட்டில் நேராக வேண்டும். கணக்கு இடிக்கும் நாளில் ஆய்வாளர் முதலில் கேட்பது 'மீதி எங்கே' என்றுதான்.