ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் நம்பிக்கை எங்கே இருக்கிறது?

சாயங்காலம் (கேள்வி):
என் கணவர் போன வருடம் இறந்துபோனார். அவர் நோயில் படுத்திருந்த மாதங்கள் முழுக்க சபையார் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை. அதைவிடக் கஷ்டம், அதற்கப்புறம் வந்த மௌனம். வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, மனதுக்குள் எதுவும் போவதில்லை. பாட்டு வேளையில் எழுந்து நிற்கிறேன், வாய் திறப்பதில்லை. அடுத்த மாதம் நினைவுக் கூட்டம். கர்த்தர் எப்படித் தேற்றினார் என்று சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். இன்னும் தேறவில்லையே, என்ன சொல்வேன்? இது அவிசுவாசமா?

ஒலிவமரம்:
சகோதரி, ரோமர் 8:28-ஐ விசுவாசத்தோடு அறிக்கையிடுங்கள். சகலமும் நன்மைக்கே. துக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பழைய கூடாரம்:
மேலே எழுதிய சகோதரர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அதே அதிகாரத்தில் 26-ஆம் வசனத்தையும் பாருங்கள். எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாத நமக்காக ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்கிறார் பவுல். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

அக்கா, என் மகள் இறந்தபின் நான் பிடித்துக்கொண்டது 88-ஆம் சங்கீதத்தை. 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்டுவிட்டு, ஆறாம் வசனத்தில் பாட்டுக்குத் திரும்பிவிடும். அன்று எனக்கு அந்த வேகம் தாங்கவில்லை. 88 அப்படித் திரும்புவதே இல்லை. 18 வசனங்கள், சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்ற இருட்டிலேயே நின்றுவிடுகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தை ஒட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை, அப்படியே வேதத்தில் விட்டிருக்கிறார்கள். ஆனால் அது தொடங்குவது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று. இத்தனை முறையீடும் அவரிடமே போகிறது. ஆறுதல் வந்தால்தான் நம்பிக்கை இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அப்போது ஆறுதல் துளியும் இல்லை. அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், வேறு யாரிடமும் போகவில்லை. அதைத்தான் நான் நம்பிக்கை என்று சொல்வேன்.

யோவான் 11-ஐயும் வாசியுங்கள். லாசரு வியாதிப்பட்ட செய்தி கேட்டும் இயேசு இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று மார்த்தாளும் சொன்னாள், மரியாளும் சொன்னாள். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார். அப்படியிருக்க, நீங்கள் அழுவதை யார் தடுக்க முடியும்?

மெழுகுதிரி:
நான் கத்தோலிக்கன். எங்கள் வழிபாட்டில் புனித சனியன்று, அதாவது பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் இடைப்பட்ட நாளில், பகலில் திருப்பலி (பூசை) கிடையாது, பீடம் வெறுமையாக இருக்கும். இரவில் பாஸ்கா திருவிழிப்பு என்னும் ஈஸ்டர் இரவு வழிபாடு தொடங்கும்வரை காத்திருப்போம். அந்த நாளில் நான் நினைப்பது லூக்கா 23-ன் கடைசியில் வரும் பெண்களை. நறுமணப் பொருட்களை ஆயத்தம் செய்துவிட்டு ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தார்கள். மறுநாள் உயிர்ப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. இறந்த இயேசுவின் உடலுக்குத்தான் அதைச் செய்தார்கள். எதையும் எதிர்பார்க்காமல் கல்லறைக்குப் போனவர்களுக்கே முதல் செய்தி கிடைத்தது.

சாயங்காலம்:
எல்லோருக்கும் நன்றி. 88-ஐ இப்போதுதான் முழுதாக வாசித்தேன், ரொம்ப நாள் கழித்து அழுதேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: சாட்சி சொல்ல மறுக்கலாமா?

பழைய கூடாரம்:
தாராளமாக மறுக்கலாம், அக்கா. கூட்டத்தன்று போய்த் தவிக்காமல், போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. சபையாரும் உங்களோடு கொஞ்சநேரம் சும்மா உட்காரட்டும் என்று கேளுங்கள். மனம் இடம் கொடுத்தால் 88-ஐ மட்டும் வாசித்துவிட்டு உட்காருங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். குரல் உடைந்துவிடும் என்று தோன்றினால், பக்கத்தில் நிற்கும் யாராவது வாசிக்கட்டும்.

கூட்டம் எந்த நாள் என்று இங்கே எழுதுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்காக நான் ஜெபிக்கிறேன்.